டாட் எல்லை நீங்கினால் ‘நோய்க்காரணி’ என்று எழுதிவிடலாமா?

#1 பூங்கோதை

குரோமோசோம் மைக்ரோஅரே (டிஎன்ஏவில் எந்தப் பகுதி கூடியது, எது குறைந்தது என்று பார்க்கும் சோதனை) அறிக்கைகளில் இப்போதெல்லாம் ஒரு வரி அடிக்கடி வருகிறது: ‘இந்த நீக்கம் ஒரு டாட் எல்லையையும் உள்ளடக்கியுள்ளது.’ டாட் என்பது தனக்குள்ளேயே அதிகம் தொட்டுக்கொள்ளும் குரோமோசோம் துண்டு; நீக்கம் என்பது டிஎன்ஏவில் ஒரு பகுதி இல்லாமல் போவது. நீங்கிய பகுதியில் புரதம் தரும் மரபணு எதுவும் இருக்காது. இருந்தாலும் ஒரு பிரதி போனால் பெரிதாகப் பாதிக்காத மரபணுவாக இருக்கும். எல்லை போய்விட்டது என்பதை மட்டும் வைத்து நோய்க்காரணி என்று வகைப்படுத்தலாமா?

விரல் குறைபாடு பற்றிய எஃபா4 மரபணு ஆய்வைக் காட்டி ‘ஆம்’ என்கிறார்கள் சிலர். டிஎன்ஏவைக் கண்ணியாக மடிக்கும் கோஹீசின் புரதத்தை அழித்தும் பெரும்பாலான மரபணுக்கள் அசையவில்லை என்ற 2017 ஆய்வைக் காட்டி ‘இல்லை’ என்கிறார்கள் வேறு சிலர். இரண்டுமே நல்ல ஆய்வுகள். சேர்த்து எப்படிப் படிப்பது? டிஎன்ஏவின் எந்த இடம் எதைத் தொடுகிறது என்று அளக்கும் ஹை-சி எப்போது பயன் தரும், எப்போது வீண் செலவு? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 உட்கரு

எல்லை எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மனித செல்லின் டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர். அது சுமார் 10 மைக்ரோமீட்டர் அகலமுள்ள உட்கருவுக்குள் அடங்கியிருக்கிறது. 2009-இல் வந்த முதல் ஹை-சி வரைபடம் 1 மெகாபேஸ் (பத்து லட்சம் டிஎன்ஏ எழுத்து) நுணுக்கத்தில் ஏ, பி என்ற இரு பெரும் பிரிவுகளைக் காட்டியது. செயலில் உள்ள பகுதிகள் தமக்குள் சேர்கின்றன, அடங்கிக் கிடப்பவை தமக்குள் சேர்கின்றன. 2012-இல் பிங் ரென் குழுவும் ஈடித் ஹேர்ட் குழுவும் தனித்தனியே இன்னும் சிறிய அலகைக் கண்டன. அதுதான் டாட். சில நூறு கிலோபேஸிலிருந்து (ஒரு கிலோபேஸ் ஆயிரம் எழுத்து) ஓரிரு மெகாபேஸ் வரை நீளும் துண்டு. அதற்குள் இருக்கும் இடங்கள் ஒன்றையொன்று அதிகம் தொடும். பக்கத்துத் துண்டைக் குறைவாகத் தொடும்.

கோஹீசின் என்ற புரத வளையம் டிஎன்ஏ மேல் ஏறி, இழையைத் தன்வழியே இழுத்து இழுத்துக் கண்ணியைப் பெரிதாக்குகிறது. சோதனைக்குழாயில் அளந்த வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோபேஸ். வழியில் சிடிசிஎஃப் என்ற புரதம் உட்கார்ந்திருந்து, அதன் என்-முனை கோஹீசின் வரும் பக்கம் நோக்கியிருந்தால் இழுவை அங்கே நிற்கும். கண்ணியின் இரு காலிலும் உள்ள சிடிசிஎஃப் மோட்டிஃப்கள் (அது பிடித்துக்கொள்ளும் எழுத்து வரிசைகள்) ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதற்குக் காரணம் இதுதான். 2014-இல் ஜிஎம்12878 என்ற ஆய்வகச் செல்லில் எடுத்த வரைபடத்தில் சுமார் 10,000 கண்ணிகள் தெரிந்தன. மோட்டிஃப் திசை தெரிந்த கண்ணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த அமைப்புதான். ஆகவே அறிக்கையில் ‘எல்லை’ என்று வந்தால் அதற்குள் எத்தனை சிடிசிஎஃப் இடங்கள், எந்தத் திசையில் என்று உடனே பார்க்க வேண்டும்.

இனி எஃபா4. மனிதரின் 2-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், ஒரு பக்கம் வின்ட்6, ஐஎச்எச், நடுவில் எஃபா4, மறுபக்கம் பாக்ஸ்3. நடு டாட்டுக்குள் கருவின் கைகால் மொட்டில் வேலை செய்யும் என்ஹான்சர்கள் (தொலைவிலிருந்து மரபணுவைத் தூண்டும் டிஎன்ஏ பகுதிகள்) குவிந்துள்ளன. இயல்பாக அவை எஃபா4-ஐ மட்டும் தூண்டும். 2015-இல் லுபியானெஸ், முண்ட்லோஸ் குழுவினர் சில குடும்பங்களில் 1.75 முதல் 1.9 மெகாபேஸ் நீக்கத்தைக் கண்டார்கள். அந்த நீக்கம் எஃபா4-ஐயும் பாக்ஸ்3 பக்கத்து எல்லையையும் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த என்ஹான்சர்கள் பாக்ஸ்3-ஐக் கைகால் மொட்டில் தூண்டின, விரல்கள் குட்டையாயின. அதே வட்டாரத்தில் தலைகீழ் மாற்றம் வந்தால் வின்ட்6 தூண்டப்பட்டு எஃப் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு. இரட்டிப்பு வந்தால் ஐஎச்எச் தூண்டப்பட்டுக் கூடுதல் விரல்கள்.

அந்த ஆய்வின் உயிர்நாடி வேறொரு சோதனை. எலியில் எஃபா4-ஐ நீக்கி, பாக்ஸ்3 பக்கத்து எல்லையை மட்டும் விட்டுவைத்தார்கள். பாக்ஸ்3 தூண்டப்படவில்லை, விரல்களும் சரியாக இருந்தன. நீக்கம் பெரியதுதான், எல்லை இருந்ததால் தப்பியது.

#3 மருதன்

உட்கரு சொன்ன சோதனை முக்கியமானது. ஆனால் மருத்துவ அறிக்கை எழுதுபவர் அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் ‘எல்லை போனால் நோய்’ என்பதல்ல. அந்த இடத்தில் நான்கும் ஒன்றாகக் கூடியிருந்தன: வலுவான என்ஹான்சர்கள், அவை விழித்திருக்கும் திசு, எல்லைக்கு அப்பால் அந்தத் திசுவில் வரவே கூடாத மரபணு, அந்த மரபணுவின் புரமோட்டர் (வாசிப்பு தொடங்கும் பகுதி) அந்த என்ஹான்சருக்குப் பதில் கொடுப்பது. இதில் ஒன்று குறைந்தாலும் விளைவு வராமல் போகலாம்.

நான் பார்க்கும் வரிசை இப்படி. எல்லைக்கு இருபுறமும் உள்ள மரபணுக்களை எடுத்து, அவற்றில் எது அளவு கூடினாலோ இடம் மாறி வெளிப்பட்டாலோ நோய் தரும் என்று பார்ப்பேன். நீக்கத்துக்குப் பிறகும் மிச்சமிருக்கும் என்ஹான்சர்கள் எந்தத் திசுவில் செயல்படுகின்றன என்று விஸ்டா என்ஹான்சர் தரவுத்தளத்திலும் என்கோட் தரவுத்தொகுப்பின் எச்3கே27 அசெட்டிலேற்றத் தடங்களிலும் (செயலில் உள்ள என்ஹான்சரின் அடையாளம்) பார்ப்பேன். அந்தத் திசுவும் நோயாளியின் குறைபாடும் பொருந்த வேண்டும். கைவிரல் குறைபாட்டுக்கு மூளை என்ஹான்சரைச் சாட்சியாகக் கொண்டுவரக் கூடாது. அடுத்து டெசிஃபர், நோமாட் என்ற மரபணு மாற்றத் தரவுத்தளங்கள் இரண்டிலும் இதே எல்லையை நீக்கும் மாற்றங்கள் நலமாக உள்ளவர்களிடம் இருக்கின்றனவா என்று தேடுவேன். கடைசியாகப் பெற்றோர் பரிசோதனை. நலமான தாயிடமோ தந்தையிடமோ அதே நீக்கம் இருந்தால் வாதம் பெரும்பாலும் தளர்ந்துவிடும், ஊடுருவல் முழுமையாக இல்லாத (மாற்றம் இருந்தும் சிலருக்கு நோய் வராத) நிலைகளைத் தவிர.

நோய்க்குக் காரணமான மரபணுவைத் தொடாமலே நோய் தந்த நீக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: பெரியவர்களுக்கு வரும் லியூக்கோடிஸ்ட்ரோஃபி (மூளையின் வெண்பொருள் சிதையும் நோய்) ஒன்று. வழக்கமாக லேமின் பி1 மரபணு இரட்டிப்பாவதால் வருவது. 2015-இல் ஒரு குடும்பத்தில் அந்த இரட்டிப்பு இல்லை. மரபணுவுக்கு முன்பக்கம் சுமார் 660 கிலோபேஸ் நீங்கியிருந்தது. எல்லை போனதால் மூளையில் செயல்படும் என்ஹான்சர் லேமின் பி1-ஐ எட்டிப் பிடித்தது. மரபணுவின் பிரதி எண்ணிக்கையை மட்டும் அளக்கும் எம்எல்பிஏ சோதனை இதை இயல்பு என்றே காட்டும். இப்படிப்பட்ட குடும்பத்துக்கு ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்று சொல்லி அனுப்புவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

#4 குறிஞ்சிச்சாரல்

மறுபக்கத்தையும் முழு எடையோடு வைக்க வேண்டும்.

2017-இல் எச்சிடி116 செல்லில் கோஹீசினின் ராட்21 துணையலகோடு, ஆக்சின் என்ற வேதிப்பொருள் பட்டதும் சிதைவைத் தூண்டும் இணைப்பைச் சேர்த்து, ஆக்சின் கொடுத்துச் சில மணி நேரத்தில் அதை அழித்தார்கள். கண்ணிகள் அனைத்தும் மறைந்தன. ஆனால் பெரிய அளவில் மாறிய மரபணுக்கள் மிகச் சில. அதே ஆண்டு சிடிசிஎஃபை எலிக் கருத்தண்டு செல்லில் அழித்த ஆய்விலும் முதல் நாளில் மாறியவை சில நூறு மரபணுக்கள்தான்.

சாக்ஸ்9, கேசிஎன்ஜே2 என்ற மரபணுக்களுக்கு இடையேயுள்ள எல்லையை 2019-இல் எலியில் படிப்படியாக அகற்றிப் பார்த்தார்கள். எல்லையிலும் சாக்ஸ்9 டாட்டுக்கு உள்ளேயும் இருந்த சிடிசிஎஃப் இடங்களை எல்லாம் எடுத்த பிறகு இரண்டு டாட்டும் ஒன்றாகக் கலந்தன. மரபணு வெளிப்பாடு பெரிதாக மாறவில்லை. தலைகீழ் மாற்றத்தால் என்ஹான்சர்களையே மறுபக்கம் திருப்பியபோதுதான் தவறான வெளிப்பாடு வந்தது.

கைகால் வளர்ச்சிக்கு வேண்டிய சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணு இன்னும் தெளிவானது. அதன் கைகால் என்ஹான்சரான இசட்ஆர்எஸ், எலியில் 850 கிலோபேஸுக்கு அப்பால், வேறொரு மரபணுவின் இன்ட்ரானுக்குள் (புரதமாகாத இடைப்பகுதிக்குள்) இருக்கிறது. பக்கத்துச் சிடிசிஎஃப் இடங்களை நீக்கினால் தொடர்பு குறைகிறது, வெளிப்பாடு பாதியாகிறது, ஆனால் எலிக்குக் கால் இயல்பாகவே வளர்கிறது. அதே இசட்ஆர்எஸ்ஸுக்குள் ஓர் எழுத்து மாறினால் மனிதருக்குக் கூடுதல் விரல் முளைக்கிறது. முப்பரிமாண அமைப்பைவிட என்ஹான்சரின் எழுத்துகள்தான் இங்கே முடிவு செய்கின்றன.

எல்லை முழுத் தடையும் அல்ல. பக்கத்து டாட்களுக்கு இடையிலான தொடர்பு, அதே தொலைவில் டாட்டுக்குள் இருப்பதைவிட ஏறக்குறைய பாதி என்ற அளவில்தான் பொதுவாகக் குறைகிறது. 2022-இல் எஃப்பிஎன்2 மரபணுப் பகுதியின் 505 கிலோபேஸ் கண்ணியை உயிருள்ள செல்லில் ஒளிரவைத்துப் பார்த்தார்கள். முழுக் கண்ணியாக அது இருந்தது மொத்த நேரத்தில் 3 முதல் 6 சதவீதம். ஒருமுறை உருவானால் 10 முதல் 30 நிமிடம். ஹை-சி வரைபடத்தில் நாம் பார்க்கும் முக்கோணம் லட்சக்கணக்கான செல்களின் சராசரி. எந்த ஒரு செல்லிலும் அப்படி ஓர் உருவம் நிலையாக இருப்பதில்லை.

#5 தென்பொருநை

குறிஞ்சிச்சாரல் சொன்ன தரவுகளை ஏற்கிறேன், முடிவை அப்படியே ஏற்க முடியவில்லை. எச்சிடி116 ஒரு பெருங்குடல் புற்றுநோய் செல். அதன் மரபணுக்கள் ஏற்கெனவே ஒரு நிலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில மணி நேரத்தில் கோஹீசினை அழித்தால், ஓடும் மரபணு உடனே நிற்க வேண்டியதில்லை. புதிதாகத் தூண்ட வேண்டிய இடத்தில்தான் சிக்கல் தெரியும். 2018-இல் மாக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் அதைத்தான் பார்த்தார்கள்: கோஹீசின் இல்லாதபோது நிலையான மரபணுக்கள் பெரும்பாலும் தாங்கின, அழற்சித் தூண்டலுக்குப் பதில் தர வேண்டிய மரபணுக்கள் தடுமாறின.

தொலைவும் முக்கியம். பின்னர் வந்த ஆய்வுகளில், புரமோட்டருக்குப் பக்கத்தில் உள்ள என்ஹான்சர் கோஹீசின் இல்லாமலே வேலை செய்தது. நூற்றுக்கணக்கான கிலோபேஸ் தள்ளி இருந்தால் கோஹீசின் தேவைப்பட்டது. உடலின் சராசரி மரபணுவுக்கு என்ஹான்சர் அருகில்தான் இருக்கிறது, அதனால் மொத்தக் கணக்கில் விளைவு சிறியதாகத் தெரிகிறது. கருவளர்ச்சி மரபணுக்களுக்கு அது தொலைவில் இருக்கிறது.

கொர்னீலியா டி லாங்கே சிண்ட்ரோமைப் பாருங்கள். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் கோஹீசினை டிஎன்ஏவில் ஏற்றும் நிப்பிஎல் மரபணுவின் ஒரு பிரதி பழுது. மற்றவர்களில் பலரிடம் எஸ்எம்சி1ஏ, எஸ்எம்சி3, ராட்21, எச்டிஏசி8 போன்ற கோஹீசின் சார்ந்த மரபணுக்களில் பழுது. தனித்தனி மரபணுக்களின் வெளிப்பாட்டில் மாற்றம் மிகச் சிறியது. ஆனால் முகம், கை, இதயம், அறிவு வளர்ச்சி எல்லாம் பாதிக்கப்படுகின்றன. ‘சில மரபணுக்கள்தான் மாறின’ என்பதை ‘விளைவு இல்லை’ என்று படிக்கக் கூடாது.

2023-இல் எலியில் 8 டாட் எல்லைகளைத் தனித்தனியே நீக்கிய ஆய்வும் உண்டு. அதில் ஒரு நீக்கம் இரு பிரதியிலும் இருந்தால் கரு பிழைக்கவே இல்லை.

#6 பூங்கோதை

சாக்ஸ்9 பகுதியில் இரட்டிப்பு வந்தால் மூன்று விதமாக ஆகும் என்று படித்தேன். நீக்கத்தைவிட அது குழப்பமாக இருக்கிறது. யாராவது அவிழ்த்துச் சொல்ல முடியுமா?

#7 உட்கரு

2016-இல் முண்ட்லோஸ் குழு காட்டியது அது. 17-ஆம் குரோமோசோமில் சாக்ஸ்9 ஒரு டாட்டில், கேசிஎன்ஜே2 அடுத்த டாட்டில். இடையே எல்லை.

இரட்டிப்பு சாக்ஸ்9 டாட்டுக்குள்ளேயே அடங்கினால், கூடுதல் என்ஹான்சர்கள் சாக்ஸ்9-ஐயே மேலும் தூண்டும்; எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ளவருக்கு விந்தகம் உருவாகலாம். இரட்டிப்பு எல்லையைத் தாண்டி நீண்டு, ஆனால் கேசிஎன்ஜே2 வரை எட்டாவிட்டால், இரண்டு பிரதிகளுக்கும் நடுவே புதிதாக ஒரு டாட் உருவாகும். அதற்குள் என்ஹான்சர் உண்டு, மரபணு இல்லை. நோயும் இல்லை. இன்னும் நீண்டு கேசிஎன்ஜே2-ஐயும் உள்ளே இழுத்துக்கொண்டால், அந்தப் புது டாட்டில் சாக்ஸ்9-இன் என்ஹான்சர்களோடு கேசிஎன்ஜே2 மாட்டிக்கொள்ளும். அதுதான் நகங்கள் இல்லாமல் போகும், விரல் எலும்பு குறுகும் குக்ஸ் சிண்ட்ரோம்.

நடுவிலுள்ளது மூன்றாவதைப் போலவே எல்லையை உள்ளடக்கியது, ஆனாலும் தீங்கில்லாதது. ‘எல்லை உட்பட்டது’ என்ற ஒற்றை வரியை வைத்து வகைப்படுத்தினால் அந்த நடு நிலையில் உள்ளவருக்கும் நோய் என்று எழுதிவிடுவோம். இன்னொன்று: இரட்டிப்பு நேர்வரிசையில் அடுத்தடுத்து அமைந்தால்தான் இந்தக் கணக்கு. மைக்ரோஅரே பிரதி எண்ணிக்கையை மட்டுமே காட்டும், அந்தப் பிரதி எங்கே எந்தத் திசையில் சொருகியுள்ளது என்று காட்டாது. முறிவுப் புள்ளியை (டிஎன்ஏ அறுந்து மாறி ஒட்டிய இடத்தை) முழு ஜீனோம் வரிசைப்பாட்டிலோ நீள்வரிசைப்பாட்டிலோ பிடித்த பிறகே டாட் பற்றிப் பேச வேண்டும்.

#8 பூங்கோதை

சரி, முறிவுப் புள்ளி கிடைத்துவிட்டது, மருதன் சார் சொன்னவையும் பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஹை-சி செய்ய வேண்டுமானால் எதில் கவனம் வேண்டும்? எங்கே கெட்டுப்போகிறது?

#9 தென்பொருநை

மனிதச் செல்லுக்கு உட்கருவுக்குள்ளேயே ஒட்டும் முறையைச் சொல்கிறேன். அருகருகே உள்ள டிஎன்ஏவைப் பிணைத்து, வெட்டி, வெட்டிய முனைகளை ஒட்டி, எது எதோடு ஒட்டியது என்று வரிசைப்படுத்திப் பார்ப்பதுதான் ஹை-சி. 20 முதல் 50 லட்சம் செல்கள்.

ஃபார்மால்டிஹைடு இறுதி அடர்த்தி 1 சதவீதம், அறை வெப்பத்தில் 10 நிமிடம், பிறகு கிளைசின் 0.2 மோலார் சேர்த்து 5 நிமிடம். பாதித் தோல்விகள் இங்கேதான் தொடங்குகின்றன. திறந்து நாளான ஃபார்மால்டிஹைடு திரிந்து வீரியம் இழக்கும். சீல் வைத்த ஆம்பூல் நல்லது. சீரம் உள்ள ஊடகத்தில் செய்தால் சீரப் புரதங்களே ஃபார்மால்டிஹைடைத் தின்றுவிடும். டிரிஸ் பஃபரிலும் செய்யாதீர்கள், அதன் அமீன் குழு வினைபுரியும். பிணைப்பு குறைந்தால் வெவ்வேறு குரோமோசோம்களுக்கு இடையிலான தொடர்பு ஏறிவிடும். கூடினால் வெட்டும் நொதி உள்ளே நுழையாது.

குளிர்ந்த லைசிஸ் பஃபரில் 15 நிமிடத்துக்கு மேல் பனிக்கட்டியில் வையுங்கள்: 10 மில்லிமோலார் டிரிஸ், 10 மில்லிமோலார் உப்பு, 0.2 சதவீத இகெபால், புரோட்டியேஸ் தடுப்பான். அடுத்து 50 மைக்ரோலிட்டர் 0.5 சதவீத எஸ்டிஎஸ் சோப்புக் கரைசலில் 62 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம். நேரத்தை நீட்டாதீர்கள், உட்கரு உடைந்துவிடும். உடைந்தால் டிஎன்ஏ கரைசலில் மிதந்து கண்டதோடு ஒட்டும். எஸ்டிஎஸ்ஸை டிரைட்டன் சேர்த்து 37 டிகிரியில் 15 நிமிடம் அடக்க வேண்டும். இந்தப் படியை அவசரமாக முடித்தால் மிச்ச எஸ்டிஎஸ் நொதியைக் கெடுக்கும். கலக்கும்போது வார்டெக்ஸ் (அதிவேகக் குலுக்கல்) வேண்டாம்.

எம்போ1 நொதி 100 யூனிட், 37 டிகிரியில் குறைந்தது 2 மணி நேரம். கடினமான திசுவுக்கு இரவு முழுக்க விடலாம். 62 டிகிரியில் 20 நிமிடம் வைத்து நொதியைச் செயலிழக்கச் செய்து, பயோட்டின் ஏற்றிய டிஏடிபியோடு மற்ற மூன்று எழுத்துகளையும் கிளெனோ நொதியையும் போட்டு 37 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வரை முனை நிரப்பல். பிறகு சுமார் 1.2 மில்லிலிட்டர் கன அளவில் ஒட்டும் நொதியான டி4 லைகேஸ் 2,000 யூனிட், அறை வெப்பத்தில் 4 மணி நேரம். புரோட்டினேஸ் கே, உப்பு, 68 டிகிரியில் இரவு முழுக்க. அதோடு பிணைப்பு அவிழும்.

அடுத்த படிக்குப் போகும் முன் ஜெல் ஓட்டுங்கள். வெட்டுவதற்கு முன் எடுத்த மாதிரி மேலே தடித்த பட்டையாக நிற்க வேண்டும். வெட்டிய பின் சில நூறு பேஸ் அளவில் தீற்றலாக இறங்க வேண்டும். ஒட்டிய பின் மறுபடி மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், வரிசைப்படுத்திப் பணத்தைக் கொட்டாதீர்கள். இன்னொரு சோதனை: எம்போ1 முனைகள் நிரம்பி ஒட்டினால் அந்தச் சந்தியில் ஜிஏடிசி அடுத்தடுத்து இருமுறை வரும். அதற்குள் கிளா1 நொதியின் வெட்டிடம் தானாக உருவாகும். எனவே முடிந்த நூலகத்தை (வரிசைப்படுத்தத் தயாரான டிஎன்ஏ துண்டுத் தொகுப்பை) பிசிஆரில் பெருக்கி, கிளா1 போட்டு வெட்டுங்கள். துண்டுகளின் அளவு கீழிறங்கினால் சந்திகள் உண்மையாகவே உள்ளன. இறங்காவிட்டால் நிரப்பலோ ஒட்டலோ நடக்கவில்லை.

துண்டாக்கல் 300 முதல் 500 பேஸ் அளவுக்கு. ஒட்டாத முனையில் தங்கிய பயோட்டினை டி4 பாலிமரேஸால் அகற்றிவிடுங்கள், இல்லையேல் தொங்கும் முனைகள் நூலகத்தை நிரப்பும். பிசிஆர் சுற்றுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 12-ஐத் தாண்ட வேண்டியிருந்தால் நூலகத்தில் சரக்கு குறைவு என்று பொருள்.

#10 குறிஞ்சிச்சாரல்

ஆழமாக வரிசைப்படுத்தும் முன் சில பத்து லட்சம் வாசிப்புகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரே துண்டின் நகலாக வந்த இரட்டை வாசிப்புகள், தொங்கும் முனைகள், ஒரே குரோமோசோமுக்குள் 20 கிலோபேஸுக்கு மேல் தள்ளியுள்ள தொடர்புகளின் பங்கு, குரோமோசோம்களுக்கு இடையிலான பங்கு: இந்த நான்கும் போதும். கடைசியாகச் சொன்னது 40 சதவீதத்தைத் தாண்டினால் எனக்கு நம்பிக்கை போய்விடும். உட்கரு உடைந்திருக்கும் அல்லது பிணைப்பு போதாது. தொலைவு கூடக்கூடத் தொடர்பு குறையும் கோட்டையும் வரையுங்கள். சில நூறு கிலோபேஸ் முதல் சில மெகாபேஸ் வரை அதன் சரிவு ஏறத்தாழ −1-இல் நிற்க வேண்டும்.

நுணுக்கத்துக்குப் பரவலாக ஏற்ற வரையறை: கட்டங்களில் (ஜீனோமைச் சம நீளத்தில் பிரித்த அலகுகளில்) 80 சதவீதத்தில் குறைந்தது 1,000 தொடர்புகள். 10 கிலோபேஸ் கட்டம் என்றால் மனித ஜீனோமில் சுமார் 3,10,000 கட்டங்கள். ஒவ்வொரு தொடர்பும் இரண்டு கட்டங்களில் எண்ணப்படும். காகிதத்தில் 12 கோடிக்குச் சற்று மேல் போதும். பரவல் சீராக இல்லாததால் நடைமுறையில் அதைப்போல் இருமடங்குக்கு மேல் தேவை. ஒரு குறிப்பிட்ட இரு இடங்களுக்கு இடையிலான புள்ளியைப் பார்க்க வேண்டுமானால் நிலைமை இன்னும் கடினம்: கட்டத்தைப் பாதியாக்கினால் அதே அளவு எண்ணிக்கைக்கு வாசிப்பு நான்கு மடங்காக வேண்டும்.

ஒரே நோயாளியின் ஒரே பகுதி என்றால் முழு ஜீனோம் ஹை-சி வேண்டாம். அந்த 3 முதல் 5 மெகாபேஸ் பகுதியை மட்டும் பயோட்டின் ஏற்றிய ஆர்என்ஏ தூண்டில்களால் பிடித்தெடுக்கும் கேப்சர் ஹை-சி செய்யுங்கள். செலவு பெருமளவு இறங்கும், அந்த இடத்தில் நுணுக்கமும் கூடும்.

பகுப்பாய்வில் அடிக்கடி சறுக்கும் இடங்கள் இவை. நோயாளியின் தரவை இயல்பான ஜீனோமோடு பொருத்தினால் தலைகீழ் மாற்றம் வண்ணத்துப்பூச்சி வடிவமாகத் தெரியும். அதைப் புதுக் கண்ணி என்று எழுதிவிட்ட வரைபடங்கள் உண்டு. முறிவுப் புள்ளியை வைத்துத் திருத்திய ஜீனோமைத் தயாரித்து, அதிலும் ஒருமுறை பொருத்த வேண்டும். இரட்டிப்பு உள்ள இடத்தில் சமநிலைப்படுத்தும் கணக்கு பிரதி எண்ணிக்கை வேறுபாட்டை அமுக்கிவிடும், அதனால் சமநிலைப்படுத்தாத வரைபடத்தையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு பிரதி மட்டும் மாறியிருந்தால் பாதி சமிக்ஞை இயல்பான பிரதியிலிருந்து வரும். எஸ்என்பிகளை (ஓரெழுத்து வேறுபாடுகளை) கொண்டு இரண்டையும் பிரித்தால்தான் மாற்றத்தின் முழு அளவு தெரியும். பொருத்தத் தரம் 30-க்குக் கீழுள்ள வாசிப்புகளைக் கழித்த பிறகு, ஒரே மாதிரி இரட்டைப் பகுதிகள் உள்ள இடம் வெள்ளைப் பட்டையாகும். அந்த வெறுமையை எல்லை என்று நினைக்கும் மென்பொருள்கள் உண்டு.

#11 மருதன்

எந்தச் செல்லில் செய்வது என்பதைச் சேர்க்கிறேன். நோயாளியிடம் எளிதாகக் கிடைப்பது இரத்தமும் தோல் ஃபைப்ரோபிளாஸ்டும். டாட் எல்லைகள் திசுவுக்குத் திசு பெருமளவு ஒத்திருப்பதால், எல்லை போய்விட்டதா, புது டாட் உருவானதா என்பதை ஃபைப்ரோபிளாஸ்டிலேயே காணலாம். ஆனால் அந்த என்ஹான்சர் அங்கே விழித்திருக்காது. ஆர்என்ஏ அளவு மாறவில்லை என்று ஃபைப்ரோபிளாஸ்டில் கிடைத்தால் அதை எதிர்ச்சாட்சியாக எழுதாதீர்கள். கைகால் மொட்டில் 5-ஆம் வாரத்தில் நடந்ததைத் தோல் செல் சொல்லாது.

#12 வேல்விழி

புற்றுநோய்ப் பக்கம் யாரும் தொடவில்லையே. அங்கே இதே கதைதானா?

#13 உட்கரு

அங்கே நீக்கமே இல்லாமலும் எல்லை போகும். ஐடிஎச்1 மரபணுவில் 132-ஆம் இடத்து மாற்றம் உள்ள கிளையோமா என்ற மூளைப் புற்றுநோயில் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் குவிகிறது. அது மெத்தில் குறியை நீக்கும் டெட் நொதிகளைத் தடுக்கிறது, டிஎன்ஏவில் மெத்திலேற்றம் கூடுகிறது. சிடிசிஎஃப் உட்காரும் எழுத்துகளில் மெத்தில் ஏறினால் அது பிடிமானம் இழக்கும். 2016-இல் காட்டியபடி, பிடிஜிஎஃப்ஆர்ஏ பக்கத்து எல்லை இப்படித் தளர்ந்ததும், சுமார் 900 கிலோபேஸ் தள்ளி எஃப்ஐபி1எல்1-இல் இருக்கும் என்ஹான்சர் அந்தப் புற்றுநோய் மரபணுவைத் தூண்டியது. ஐடிஎச் மாற்றமில்லாத செல்லில் அந்த ஒரு சிடிசிஎஃப் மோட்டிஃபை மட்டும் கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் சிதைத்தபோதும் பிடிஜிஎஃப்ஆர்ஏ ஏறியது. மெத்திலேற்றத்தைக் குறைக்கும் மருந்தால் ஓரளவு திரும்பியது.

மைலாய்டு லுக்கீமியாவில் 3-ஆம் குரோமோசோமின் தலைகீழ் மாற்றம் இன்னும் நேரடியானது. காட்டா2 மரபணுவின் என்ஹான்சர் இடம்பெயர்ந்து எவி1 என்ற புற்றுநோய் மரபணுவைத் தூண்டுகிறது. அதே வெட்டில் காட்டா2 தன் என்ஹான்சரை இழக்கிறது. 2014-இல் அந்த என்ஹான்சரை வெட்டி எடுத்ததும் எவி1 அடங்கியது. ஆனால் டி-செல் லுக்கீமியாவின் டால்1 மரபணுவின் எல்லையைச் சாதாரண எச்இகே செல்லில் நீக்கியபோது ஏற்றம் சில மடங்குதான். இதை வைத்து எல்லை நீக்கம் மட்டுமே புற்றுநோய் தரும் என்று நான் சொல்ல மாட்டேன்.

#14 வேல்விழி

சிகிச்சைக்கு இதில் ஏதாவது வழி பிறந்திருக்கிறதா?

#15 தென்பொருநை

என்ஹான்சரைக் குறிவைத்த சிகிச்சை ஏற்கெனவே வந்துவிட்டது. ஹீமோகுளோபினைத் தரும் பீட்டா குளோபின் பகுதியில் எல்சிஆர் என்ற என்ஹான்சர் தொகுப்பு, கருவில் காமா குளோபினையும் பிறந்த பிறகு பீட்டாவையும் தொடுகிறது. 1980-இல் டச்சுத் தலசீமியாவில் பீட்டா மரபணு முழுசாக இருந்தும் ஊமையாக இருந்ததைக் கண்டார்கள். தொலைவிலுள்ள கட்டுப்பாட்டுப் பகுதி போயிருந்தது. 2014-இல் எல்சிஆரைச் செயற்கையாக வளைத்துக் காமா புரமோட்டரோடு சேர்த்தபோது, வளர்ந்த சிவப்பணுவிலும் கருக்கால ஹீமோகுளோபின் ஏறியது.

மருந்தாக வந்தது வேறு வழி: காமாவை அடக்கும் பிசிஎல்11ஏ மரபணுவின் +58 என்ஹான்சரைக் கிறிஸ்பரால் வெட்டுவது. அந்த என்ஹான்சர் சிவப்பணு வரிசையில் மட்டும் செயல்படுவதால் மற்ற இரத்த செல்களில் பிசிஎல்11ஏ கெடுவதில்லை. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அரிவாள் செல் நோய்க்கு அனுமதி கிடைத்தது. இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் 1952-இல் பதிவு செய்தது நீலகிரிப் பழங்குடி மக்களிடையே. அந்த மக்களுக்கு எட்டும் விலையில் இது வர வேண்டும் என்பது என் ஆசை.

#16 பூங்கோதை

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு எந்தப் பட்டியலை எடுப்பது? மூன்று தரவுத்தளங்களில் மூன்று இடம் காட்டுகிறது. அறிக்கையில் எப்படி எழுதுவது?

#17 குறிஞ்சிச்சாரல்

2012 பட்டியல் 40 கிலோபேஸ் கட்டத்தில் எடுத்தது, மனிதத் தரவு எச்ஜி18 என்ற பழைய ஜீனோம் பதிப்பின் ஆயத்தொலைவில் உள்ளது. புதிய பதிப்பான எச்ஜி38-இல் எழுதிய மைக்ரோஅரே முறிவுப் புள்ளியோடு அப்படியே ஒப்பிட்டால் தவறு வரும். லிஃப்ட்ஓவர் (ஒரு பதிப்பின் இடத்தை மற்றதற்கு மாற்றுதல்) செய்த பிறகும் ஒரு கட்டம் முன்னே பின்னே பிசகு இருக்கும். மென்பொருளுக்கு மென்பொருள் டாட் எண்ணிக்கையே மாறும். பட்டியலை விட்டுவிட்டு, ஆழமான ஹை-சி வரைபடத்தையும் அதே செல்லின் சிடிசிஎஃப், ராட்21 சிப்-செக் (புரதம் டிஎன்ஏவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும்) தடங்களையும் உலாவியில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திறந்து, நீக்கத்துக்குள் எத்தனை சிடிசிஎஃப் உச்சங்கள் போகின்றன என்று எண்ணுங்கள். எல்லையில் பெரும்பாலும் பல இடங்கள் கொத்தாக இருக்கும். கொத்தில் ஒன்று மட்டும் போனால் எல்லை பெரும்பாலும் தாங்கும்.

#18 மருதன்

எழுதும்போது ‘டாட் எல்லை பாதிப்பு’ என்று நிறுத்தாதீர்கள். ஜீனோம் பதிப்பு, முறிவுப் புள்ளியின் நிச்சயமின்மை, போன சிடிசிஎஃப் இடங்களின் எண்ணிக்கை, எந்த என்ஹான்சர் எந்த மரபணுவை எட்டக்கூடும், அந்த மரபணுவின் தவறான வெளிப்பாட்டுக்கு முன்னுதாரணம் உண்டா என்ற ஐந்தையும் எழுதுங்கள். முன்னுதாரணமும் இல்லை, பெற்றோர் பரிசோதனையும் இல்லை என்றால் அது ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’தான். பெற்றோரின் இரத்த மாதிரியை அதே வாரத்தில் கேட்டு வாங்குங்கள். குடும்பம் ஊர் திரும்பிய பிறகு கேட்டால் பெரும்பாலும் வராது.